நிற்கும் உழவு இயந்திரமும் சாகும் பற்றரியும்

காலபோகத்தின் முதல் மழை பெய்து மண் நனைந்திருக்கிறது. விதை நெல் தயார். எண்ணெய்க்கும் எப்படியோ பணம் புரட்டியாயிற்று. மாதக் கணக்காக வளவில் பனையோலைப் பந்தலின் கீழ் நின்ற உழவு இயந்திரத்தில் ஏறித் திறப்பைத் திருப்பினால், ‘டிக்’ என்ற ஓர் ஒலி மட்டுமே கேட்கிறது. அயலவர்கள் கூடித் தள்ளுகிறார்கள். ஈரமண்ணில் சில்லு புதைகிறது. பற்றரியைக் கழற்றி, சைக்கிளில் கட்டி, பட்டணத்திற்குக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறோம். அதற்குள் மண்ணின் ஈரப்பதம் மாறிவிடுகிறது.

பற்றரிக் கடையில் ஒரு முதிய விவசாயி கேட்ட கேள்வியை நாம் மறக்கவில்லை. “தம்பி, ஒன்பது மாதமாய் இதை நாங்கள் தொடவே இல்லை. பாவிக்காத சாமான் எப்படிப் பழுதாகும்?” கடைக்காரப் பொடியன் சிரிக்காமல் பதில் சொன்னான்: “ஐயா, பாவிக்காததாலைதான் பழுதாப் போச்சு.”

அந்தப் பதிலின் விளக்கமே இப்பாடம். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. காணி ஓரிடத்திலும் நாம் ஓரிடத்திலுமாக இருக்கும்போது உழவு இயந்திரம் ஓடும் நாட்களை விட நிற்கும் நாட்களே அதிகம். 2022 ஆம் ஆண்டில் டீசல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, காணியோடு இருந்தவர்களின் இயந்திரங்களும் நின்றன. நிற்கும் வண்டியின் பற்றரியைக் காப்பாற்றத் தெரிந்தால், நகையை அடகு வைத்துப் புதுப் பற்றரி வாங்கும் நிலையை நாம் தவிர்க்கலாம். இரு சில்லு ‘லாண்ட்மாஸ்டர்’ போன்றவற்றைக் கையால் சுற்றி இயக்குவோருக்கு இத்தொல்லை இல்லை. நான்கு சில்லு உழவு இயந்திரம், லொறி, நீரிறைக்கும் டீசல் இயந்திரம், சூரிய ஒளி விளக்கு ஆகியவற்றை வைத்திருப்போர் அனைவருக்கும் இப்பாடம் உதவும்.

பற்றரியின் உள்ளே நடப்பது என்ன?

நாம் வழக்கமாகப் பாவிப்பது ஈய அமிலப் பற்றரி. பிரான்ஸ் நாட்டவரான கஸ்தோன் பிளாந்தே 1859 இல் இதைக் கண்டுபிடித்தார். இன்றும் அடிப்படை மாறவில்லை. 12 வோல்ற் பற்றரியின் உள்ளே ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ற் தரும். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் நீர் கலந்த சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கின்றன.

பற்றரியில் இருந்து மின் வெளியேறும்போது அமிலத்தில் உள்ள சல்பேற்று, தகடுகளில் போய் ஒட்டுகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மீண்டும் மின்னேற்றினால் அந்தச் சல்பேற்று தகட்டை விட்டு அமிலத்திற்குத் திரும்புகிறது. இந்தப் போக்கும் வரவும் ஒழுங்காக நடந்தால் பற்றரி பல ஆண்டுகள் உழைக்கும்.

மின் குறைந்த நிலையில் பற்றரியை வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. தகட்டில் மென்மையாகப் படிந்திருந்த சல்பேற்று மெல்ல மெல்லக் கடினமான பளிங்குகளாக இறுகுகிறது. சட்டியின் அடியில் பிடித்த சோற்றை அன்றே ஊறவைத்தால் கழுவிவிடலாம். ஒரு கிழமை காயவிட்டால் சுரண்டினாலும் வராது. தகட்டின் நிலையும் அதுதான். இறுகிய சல்பேற்று பின்னர் மின்னேற்றினாலும் முழுமையாகக் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு உதவாது போகிறது.

ஆகவே பற்றரி சாவதற்குக் காரணம் ஓய்வு அல்ல. குறைமின்னோடு ஓய்ந்து கிடப்பதுதான்.

மின் எங்கே போகிறது?

“நாம் ஒன்றையும் எரிக்கவில்லையே, மின் எப்படிக் குறையும்?” என்று கேட்கலாம். அது மூன்று வழிகளால் கசிகிறது.

முதலாவது, பற்றரி தானாகவே மின்னை இழக்கும். நல்ல நிலையில் உள்ள சாதாரணப் பற்றரி 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மாதமொன்றுக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை இழக்கலாம். பழைய பற்றரி இதைவிடக் கூடுதலாக இழக்கும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வன்னியிலும் மன்னாரிலும் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் வைத்த பற்றரி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, வண்டியிலேயே ஒளிந்திருக்கும் செலவுகள். மணிக்கூடு, வானொலி, திருட்டு எச்சரிக்கை மணி ஆகியன வண்டி நிற்கும்போதும் சிறிதளவு மின் எடுக்கும். அது ஓர் அம்பியரின் இருபதில் ஒரு பங்கு மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்மணி, முப்பது நாளைக்கு 36 அம்பியர்மணி. 75 அம்பியர்மணிப் பற்றரியில் ஏறக்குறைய பாதி, ஒரே மாதத்தில் போய்விடும்.

மூன்றாவது, பற்றரியின் மேற்பரப்பில் படிந்த அழுக்கு. தூசியும் அமில ஈரமும் சேர்ந்தால் நேர் முனைக்கும் மறை முனைக்கும் இடையே மின் ஊர்ந்து செல்ல ஒரு பாதை உண்டாகும். ஒரு துணித்துண்டால் துடைப்பதே இதற்கு மருந்து.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லிவிடுவோம். சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்பார்கள். முற்காலத்தில் மரத்தாலும் இறப்பராலும் செய்த பெட்டிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருந்து தரை மின்னை உறிஞ்சாது. பலகையில் வைப்பதில் தீங்கு இல்லை. ஆனால் பலகையில் வைத்துவிட்டோம் என்று மின்னேற்றாமல் இருந்துவிடக் கூடாது.

வீட்டு வண்டிக்காரர்கள் கற்ற பாடம்

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் அமைந்த வீட்டு வண்டிகளில் பயணம் செய்பவர்கள் உள்ளனர். ஐரோப்பாவில் பலர் குளிர்காலம் முழுவதும் வண்டியை நிறுத்தியே வைத்திருப்பார்கள். வசதியில் அவர்களுக்கும் எமக்கும் வெகுதூரம். ஆயினும் நின்ற வண்டியின் பற்றரி அவர்களையும் இதே போல ஏமாற்றியிருக்கிறது. அவர்களுக்குக் குளிர் பகை. மின் இறங்கிய பற்றரியில் அமிலம் ஏறக்குறைய நீராகிவிடுவதால் கடுங்குளிரில் அது உறைந்து பெட்டி வெடித்துவிடும். எமக்கு வெப்பம் பகை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முழு மின்னோடு நிறுத்துவதும் அந்த மின்னைக் குறையாமல் காப்பதும்.

அவர்களிடம் நாம் கற்கவேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. அந்த வண்டிகளில் இரண்டு பற்றரிகள் இருக்கும். ஒன்று இயந்திரத்தை இயக்க. மற்றது விளக்கு, தண்ணீர்ப் பம்பி போன்ற வீட்டு வேலைக்கு. விளக்கு எரித்து இரண்டாவது பற்றரி இறங்கினாலும் முதலாவது பாதிக்கப்படாதபடி இரண்டையும் பிரித்து வைப்பார்கள்.

காரணம் இதுதான். இயந்திரத்தை இயக்கும் பற்றரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரை அள்ளிக் கொடுக்கவே அது செய்யப்பட்டது. இரவிரவாகச் சிறிது சிறிதாகக் கொடுத்து ஆழமாக இறங்குவதற்கு அது ஏற்றதல்ல. அதற்கென்று தடித்த தகடுகள் கொண்ட பற்றரிகள் வேறாக உள்ளன. சூரிய ஒளி விளக்குக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் அவ்வகையே.

இடம்பெயர்ந்த இடத்தில் மின்சாரம் இல்லாதபோது பிள்ளைகளின் படிப்புக்காக உழவு இயந்திரத்தின் பற்றரியில் விளக்குக் கொளுவியவர்கள் எம்மில் பலர். பிள்ளை படிக்கவேண்டியது முக்கியம். அதில் பிழை காண நாம் வரவில்லை. ஆனால் கணக்கைத் தெரிந்து செய்வோம். வண்டியில் இருந்து கழற்றிய 21 வாற் பழைய குமிழ் நான்கு மணித்தியாலம் எரிந்தால் 7 அம்பியர்மணி போகும். 5 வாற் எல்.ஈ.டி. விளக்கு அதே நேரத்திற்கு 2 அம்பியர்மணி கூட எடுக்காது. இரவில் எடுத்ததை மறுநாள் திருப்பிக் கொடுக்க வழியில்லாவிட்டால், இயந்திரப் பற்றரியை விளக்குக்குப் பாவிக்காமல் விடுவதே நல்லது.

எவ்வளவு மின் இருக்கிறது என்று எப்படி அறிவது?

ஹோணை அமத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. பாதி இறங்கிய பற்றரியிலும் ஹோண் சத்தம் போடும்.

நல்ல வழி, மல்ரிமீற்றரால் வோல்ற்றளவைப் பார்ப்பது. சங்கமொன்றுக்கு ஒரு மீற்றர் இருந்தால் ஊருக்கே போதும். மின்னேற்றிய உடனே பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். ஓர் இரவு ஓய்வாக விட்டுக் காலையில் பாருங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல்: முழு மின் உண்டு.
12.4: முக்கால் பங்கு. உடனே மின்னேற்றவேண்டும்.
12.2: பாதி. சல்பேற்று இறுகத் தொடங்கும் நிலை.
12.0: கால் பங்கு.
11.8 அல்லது அதற்குக் கீழ்: வெறுமை.

முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ற் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். “பன்னிரண்டு காட்டுகிறது, பன்னிரண்டு வோல்ற் பற்றரிதானே” என்று திருப்திப்பட்டுப் பலர் பற்றரியைப் பறிகொடுத்திருக்கிறார்கள். நாமும் ஒரு முறை அப்படித்தான் எமது பண்ணையின் பற்றரியை இழந்தோம்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியானால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழு மின் உள்ள அமிலம் 1.265 அளவிலும், பாதி இறங்கியது 1.190 அளவிலும், வெறுமையானது 1.120 அளவிலும் இருக்கும். வெப்பமான நாடுகளுக்கென்று சிறிது ஐதாக்கிய அமிலம் ஊற்றப்படுவதும் உண்டு. ஆகவே புதுப் பற்றரி முழு மின்னோடு இருக்கும்போது என்ன காட்டுகிறது என்பதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். ஆறு அறைகளில் ஓர் அறை மட்டும் மற்றவற்றை விட மிகக் குறைவாகக் காட்டினால் அந்த அறையில் பழுது உண்டு.

வண்டியை நிறுத்தும் நாளில் செய்யவேண்டியவை

1. முதலில் முழுமையாக மின்னேற்றுங்கள். அரைகுறையாக நிறுத்தவேண்டாம்.

2. பற்றரியின் மேற்பரப்பைத் துடையுங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்; சோடா ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது. உலர்ந்தபின் முனைகளில் கிறீஸ் அல்லது வசிலின் பூசுங்கள்.

3. வயரைக் கழற்றி வையுங்கள். வண்டியின் இரும்பு உடலோடு தொடுத்திருக்கும் முனையை முதலில் கழற்றவேண்டும். பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்டவேண்டும். அப்போது கையில் உள்ள சாவி உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. பெரும்பாலான வண்டிகளில் அது மறை முனை. சில பழைய பிரித்தானிய உழவு இயந்திரங்களில் நேர் முனை உடலோடு தொடுத்திருக்கும். பார்த்துக் கழற்றுங்கள்.

4. வண்டியை விட்டு வேறிடம் போகவேண்டுமானால் பற்றரியைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். சைக்கிளிலோ வண்டியிலோ நிமிர்த்தியே வையுங்கள். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நிற்கும் பற்றரிக்கு மின்னேற்றும் வழிகள்

இயந்திரத்தை இயக்குதல்: கிழமைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் இயக்கி வைத்தால் போதும் என்பது பரவலான எண்ணம். கணக்குப் பாருங்கள். பற்றரிக்குள் 10 அம்பியர் போகிறது என்றே வைத்தாலும் பத்து நிமிடத்தில் சேர்வது 1.7 அம்பியர்மணிதான். பற்றரி 30 அம்பியர்மணி இழந்திருந்தால் மூன்று மணித்தியாலத்திற்கு மேல் இயங்கவேண்டும். மெதுவாக இயங்கும்போது பழைய டைனமோ அந்த 10 அம்பியரையும் தராது. எண்ணெய் எரிவதே மிச்சம். உழும்போது மின்னேற்றம் நடக்கும். நிற்கும்போது வேறு வழி தேடவேண்டும்.

மின்சார சார்ஜர்: மின்சாரம் உள்ள அயல் வீட்டிலோ கடையிலோ ஆறு கிழமைக்கு ஒரு தடவை மின்னேற்றலாம். கோடையில் மாதம் ஒரு தடவை நல்லது. பற்றரியின் அம்பியர்மணியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அம்பியரில் ஏற்றவேண்டாம். 75 அம்பியர்மணிக்கு 7 அம்பியர் போதும். “அவசரம் அண்ணை, கெதியாய் ஏத்தித் தாங்கோ” என்று கடைக்காரரை அவசரப்படுத்தினால் பற்றரி கொதிக்கும், தகடு உதிரும். நீண்ட காலம் இறங்கிக் கிடந்த பற்றரியை 3 அல்லது 4 அம்பியரில் ஒரு நாள், இரண்டு நாள் மெதுவாக ஏற்றினால் சிலவேளை மீளும்.

சிறிய சோலார் பனல்: எமது நாட்டு வெயிலுக்கு இதுவே மிகப் பொருத்தமானது. நிற்கும் பற்றரிக்குப் பெரிய பனல் தேவையில்லை. 12 வோல்ற் பற்றரிக்கென்று செய்த 5 வாற் பனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அம்பியர்மணி தரும். வயர் கழற்றிய பற்றரி தானாக இழப்பதை ஈடுசெய்ய அது போதும். இரவில் மின் பற்றரியிலிருந்து பனலுக்குத் திரும்பிப் போகாமல் தடுக்கும் டயோட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 10 வாற்றுக்கு மேற்பட்ட பனலானால் சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். பற்றரி நிறைந்தபின் 13.5 வோல்ற் அளவில் அது தாங்கிப் பிடிக்கும், கொதிக்க விடாது. பனலைத் தெற்கு நோக்கிச் சிறிது சாய்த்துக் கட்டுங்கள். மழை தூசியைக் கழுவிவிடும். ஒரு மூலையில் விழும் ஓலையின் நிழலே பனலின் மின்னைப் பெருமளவு குறைத்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

சைக்கிள் டைனமோ: 1990 இற்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி நாம் வானொலி கேட்டோம். அந்தக் கெட்டித்தனம் எம்மிடம் இன்றும் உண்டு. ஆனால் டைனமோ தருவது 3 வாற் மட்டுமே. 30 அம்பியர்மணி இழந்த 12 வோல்ற் பற்றரியை அதனால் நிரப்ப 120 மணித்தியாலம் மிதிக்கவேண்டும். வானொலிக்கு அது போதும், பற்றரிக்குப் போதாது.

தண்ணீர் விடுதல்

மூடி திறக்கும் பற்றரியில் மாதம் ஒரு தடவை நீர்மட்டம் பாருங்கள். தகடுகள் எப்போதும் மூடியிருக்கவேண்டும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விடுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் சில இடங்களில் உப்பும் உண்டு. அது தகட்டைக் கெடுக்கும். வடித்த நீர் கிடைக்காவிட்டால், மழை நன்றாகப் பெய்து வானம் கழுவப்பட்டபின் கூரையில் படாமல் நேரே பிளாஸ்ரிக் பாத்திரத்தில் ஏந்திய மழைநீர் கிணற்று நீரை விட மேல். அமிலம் ஒருபோதும் சேர்க்கவேண்டாம். குறைவது நீர்தான், அமிலம் அல்ல.

மூடி திறக்க முடியாத பற்றரிக்குத் தண்ணீர் வேலை இல்லை. மின்னேற்றும் வேலை அதற்கும் உண்டு. இப்போது சூரிய ஒளி விளக்குகளோடு வரும் லிதியம் பற்றரிக்கு முறை வேறு. நீண்ட காலம் வைப்பதானால் பாதி மின்னோடு வைப்பதே அதற்கு நல்லது. எது எந்த வகை என்று பெட்டியில் வாசித்துப் பாருங்கள்.

ஆபத்துகள்

மின்னேற்றும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அடுப்புக்குப் பக்கத்திலோ குப்பி விளக்கு எரியும் கொட்டிலுக்குள்ளோ பிள்ளைகள் படுக்கும் இடத்திலோ மின்னேற்றவேண்டாம். நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சி கொளுத்தவே வேண்டாம். சார்ஜரை நிறுத்தியபின்பே வயரைக் கழற்றுங்கள்.

அமிலம் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கால் மணித்தியாலமாவது கழுவி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செத்த பற்றரியை உடைத்து ஈயம் உருக்குவது சில இடங்களில் நடக்கிறது. அந்தப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயம் கிணற்று மண்ணிலும் சேரும். பழைய பற்றரியைக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு தொகை கழிப்பார்கள். முழுதாகவே கொடுத்துவிடுங்கள்.

முடிவாக

நிலத்தை விட்டு வந்தவர்களிடம் மிஞ்சியிருக்கும் கருவிகள் சில. திரும்பிப் போகும் நாளில், அல்லது குத்தகைக் காணியில் ஒரு போகம் செய்யும் நாளில், அவை எழுந்து நிற்கவேண்டும். அந்த நாள் எப்போது வரும் என்பது எமது கையில் இல்லாதிருக்கலாம். அது வரும்வரை மாதம் ஒரு காலை பற்றரியைத் துடைத்து, அளந்து, மின்னேற்றி வைப்பது எமது கையில் உண்டு. நிறுத்திய நாளையும் மின்னேற்றிய நாட்களையும் ஒரு மட்டையில் எழுதிப் பற்றரியின் மேல் கட்டிவிடுங்கள். ஆவணி பிறந்ததும் ஒரு தடவை இயந்திரத்தை இயக்கிப் பாருங்கள். மழைக்கு முன் தெரிந்த பழுதைத் திருத்தலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது முகாமில் அல்லது கிராமத்தில் நிற்கும் இயந்திரங்கள் எத்தனை? அவற்றின் பற்றரிகள் கடைசியாக எப்போது மின்னேற்றப்பட்டன?

2. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மல்ரிமீற்றரும் கொன்ட்ரோலருடன் ஒரு சோலார் பனலும் வாங்கி முறைவைத்துப் பாவிக்க முடியுமா? பொறுப்பாக இருப்பவர் யார்?

3. விளக்குக்கு இயந்திரப் பற்றரியைப் பாவிக்கும் வீடுகளுக்கு வேறு என்ன வழி செய்யலாம்?